ஒன்பதாவது முறை எஸ்ஸனுக்குப் போவதா

இங்கே சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து அலுவலகம் பழைய ஓட்டத்துக்குத் திரும்பும் நாள்களில், ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் அக்டோபர் மாதத்துக்கு ஓர் அறையை முன்பதிவு செய்து வைப்பது என் வழக்கம். அங்கு ஆண்டுதோறும் நடைபெறும் ‘ஷ்பீல்’ என்னும் பலகை விளையாட்டுக் கண்காட்சிக்கு இதுவரை எட்டு முறை போய் வந்திருக்கிறேன். இந்த ஆண்டும் வழக்கம்போல் அறையைப் பிடித்துவிட்டேன். ஆனால், இம்முறை முதன்முதலாக, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து, அதற்காக இரவுக்குப் பன்னிரண்டு யூரோ கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறேன். பணத்தைக் கட்டி முடித்த பிறகுதான், போகாமல் இருப்பதற்கும் சேர்த்தே காசு கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து இந்தக் கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கண்காட்சியைப் பற்றி அறியாதவர்களுக்குச் சில வரிகள். 1983-இல் ஒரு விளையாட்டு இதழின் வாசகர் சந்திப்பாக, முதியோர் கல்வி நிலையம் ஒன்றில் தொடங்கியது. பின்னர் நகரின் பெரிய கண்காட்சி மண்டபங்களுக்கு இடம்பெயர்ந்து, 2019-இல் நான்கு நாள்களில் 209,000 வருகைகளைக் கண்டது. 2020-இல் கிருமித்தொற்றுக் காரணமாக இணையத்தில் மட்டுமே நடந்தது. நியூரம்பெர்க்கில் நடக்கும் பொம்மைக் கண்காட்சி வணிகர்களுக்கு மட்டுமானது; எஸ்ஸனிலோ சீட்டு வாங்கிய எவரும் உள்ளே போகலாம், எந்த மேசையிலும் உட்கார்ந்து ஆடிப் பார்க்கலாம். ஜெர்மன் மொழியில் ‘எஸ்ஸன்’ என்றால் சாப்பிடுவது, ‘ஷ்பீல்’ என்றால் விளையாட்டு. இதை நான் முதல்முறை சொன்னபோது அம்மா கேட்டார்: “ஊரு பேரு சாப்பாடு, திருவிழா பேரு விளையாட்டு. வேலைன்னு அங்க ஒண்ணுமே கிடையாதாப்பா?” நிலக்கரி தோண்டியும் இரும்பு உருக்கியும் வளர்ந்த ஊர் அது. அங்கிருந்த கடைசிச் சுரங்கமான சோல்ஃபெரைன் 1986-இல்தான் மூடப்பட்டது என்று பதில் சொன்னேன். அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது பல்லாங்குழியிலிருந்துதான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் பல்லாங்குழி எங்கள் வீட்டில் காட்சிப் பொருளாகத்தான் இருந்தது. நான் ஆடியதெல்லாம் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தின் சொங்காக். குழிகளோடு இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு ‘வீடு’ இருக்கும் அந்தப் படகு வடிவப் பலகையில், பள்ளி விடுமுறைகள் முழுவதும் சோழிகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, பல ஆண்டுகள் கழித்து, பிரின்செப் ஸ்திரீட் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த கஃபேயில், நண்பர் ஒருவர் ‘கத்தான்’ பலகையை விரித்தார். 1995-இல் வெளிவந்த அந்த ஜெர்மானிய விளையாட்டில், ஆட்டையும் செங்கல்லையும் பண்டமாற்று செய்யும் பேரத்தில், நான் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து கடைசி ரயிலைத் தவறவிட்டேன். அந்த நண்பரை நான் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவேன். 2015-இல் எஸ்ஸனுக்கு முதல் பயணத்தைத் திட்டமிட்டவரும் அவரே.

அந்த நாள்களில் போவதற்குத் தெளிவான காரணம் இருந்தது. புதிய விளையாட்டுகள் எஸ்ஸனில் அறிமுகமாகும்; சிங்கப்பூர்க் கடைகளுக்கு அவை வந்து சேர ஓராண்டு ஆகும், அல்லது வரவே வராது. சில விளையாட்டுகள் ஜெர்மன் மொழியில் மட்டுமே கிடைக்கும். யாரோ ஒரு புண்ணியவான் செய்து வைத்த ஆங்கில மொழிபெயர்ப்பை அச்சிட்டு, அட்டை அட்டையாக வெட்டி ஒட்டிக்கொண்டு ஆடுவோம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும், குறைந்த எண்ணிக்கையில் வந்திருக்கும் பெட்டிகளுக்காகப் பெரியவர்கள் ஓடுவார்கள். நானும் ஓடியிருக்கிறேன். நாற்பது வயதைத் தொட்ட ஒருவன் தேக்காவில் பேருந்துக்குக்கூட அப்படி ஓடமாட்டான். திரும்பும்போது துணிகளைக் கைப்பையில் திணித்து, பெட்டியின் எடை வரம்பு முழுவதையும் விளையாட்டுகளுக்கே கொடுத்துவிடுவோம். பெட்டிக்குள் பெட்டியை வைத்து இடம் மிச்சம்பிடிப்பதில் அண்ணன் கெட்டிக்காரர். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கு 600 சிங்கப்பூர் வெள்ளி (2019 முதல் 500) வரையிலான பொருள்களுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்பதால், யார் எவ்வளவுக்கு வாங்கினோம் என்று ரசீதுகளை விரித்து வைத்துக் கூட்டுவோம். மிஞ்சியதற்கு வரி கட்டிவிட்டுத்தான் வெளியே வருவோம். அண்ணன் அரசாங்க ஊழியர். அந்த விஷயத்தில் மிகவும் கறார்.

இப்போது அந்தக் காரணம் ஏறத்தாழ இல்லை. அக்டோபரில் எஸ்ஸனில் பார்க்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை சில மாதங்களில் இங்கேயே கிடைக்கின்றன. சில எனக்கு முன்பே இங்கு வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த விளையாட்டுகளில் பெரும்பகுதி அச்சாகித் தயாராவது சீனாவில், அதிலும் பல ஷென்ஜென் வட்டாரத்தில். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக் கப்பல்கள் தென்சீனக் கடலைக் கடந்து, சிங்கப்பூர் நீரிணை வழியாகத்தான் மலாக்கா நீரிணைக்குள் நுழைகின்றன. அதாவது, மாலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நான் நடந்துகொண்டிருக்கும்போது, எனக்கு வேண்டிய பெட்டி என் கண்ணெதிரே கடலில் கடந்து போகிறது. நான் பதின்மூன்று மணி நேரம் பறந்து, ரயிலேறி, அதை விலை கொடுத்து வாங்கித் தோளில் சுமந்து திரும்பக் கொண்டுவருகிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கொண்டுவந்தவற்றை ஆடுகிறேனா என்றால், அதுவும் இல்லை. செங்காங் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், பாம் ஷெல்டர் என்று எல்லாரும் சொல்லும் அந்தத் தடித்த இரும்புக் கதவு அறை, அரசாங்கம் எதற்காகக் கட்டியதோ அதற்கு இப்போது பயன்படாது. போர் வந்தால் ஒரு பெட்டியை வெளியே எடுத்தால்தான் ஓர் ஆள் உள்ளே போகலாம். சென்ற மாதம் மனைவி கேட்டுக்கொண்டதன் பேரில் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 143 பெட்டிகள். அவற்றில் 31, மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன. பிரிக்காதவற்றில் பாதிக்கு மேல் எஸ்ஸனில் வாங்கியவை. ஓடிப்போய் வாங்கியவையும் அவற்றில் இருந்தன. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் காந்தத்தால் ஒட்டி வைத்தார், அவ்வளவுதான்.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018-இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ விருதைப் பெற்ற ‘அசூல்’ என்னும் விளையாட்டை அந்த ஆண்டு அங்கே வாங்கினேன். போர்ச்சுகல் நாட்டு அலங்கார ஓடுகளைச் சுவரில் பதிப்பது அதன் கரு. ஓடுகளில் எழுத்து ஒன்றும் கிடையாது, நிறமும் கோலமும்தான். அம்மா அதைப் பார்த்ததும், “இது கூன் செங் ரோட்டு வீட்டு வாசல்ல இருக்கிற ஓடுல்ல?” என்றார். இன்றுவரை அந்தப் பெட்டி பாம் ஷெல்டருக்குள் போனதில்லை. எனக்கு வேண்டிய நிற ஓட்டை எனக்கு முன்பே எடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொள்ளும் கலை அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆனால், அந்த ஒரு பெட்டியை இங்கேயே ஒரு கடையில் வாங்கியிருக்க முடியும் என்பதையும் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கு சுருக்கமானது. 2015-இல் விமானச் சீட்டு, அறை, ரயில், சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து எனக்கு 2,300 வெள்ளி ஆனது. அறை வாடகையை மூவர் பகிர்ந்துகொண்டோம். சென்ற ஆண்டு தனியாகப் போனபோது 4,100 வெள்ளி. விளையாட்டுகளின் விலை இதில் சேராது. கண்காட்சி நடக்கும் வாரத்தில் அந்த ஊர் அறைகளின் வாடகை ஏறும் என்பது யாரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். இதில் யாரையும் குறைசொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பணத்துக்குக் குடும்பத்தோடு மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்வரலாம் என்று மனைவி சொல்வதிலும் குறைசொல்ல ஒன்றும் இல்லை.

பணத்தைவிடக் கனமானது நாள்காட்டி. கண்காட்சி அக்டோபரில் வருகிறது; தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஒதுங்கிப் போய்விடும். 2019-இல் ஒதுங்கவில்லை. கண்காட்சி அக்டோபர் 24 முதல் 27 வரை. தீபாவளி 27, ஞாயிற்றுக்கிழமை. சீட்டை முன்பே வாங்கிவிட்டேன், அண்ணனும் இன்னொரு நண்பரும் என்னை நம்பி அறையில் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று காரணம் சொல்லிவிட்டுப் போனேன். நண்பகலில் எல்லாரும் இலை போட்டு உட்காரும்போது காணொளியில் அழைப்பதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். சிங்கப்பூர் ஜெர்மனியைவிட ஆறு மணி நேரம் முந்தியது. ஆகவே, அங்கே காலை ஆறு மணிக்கு எழுந்தால் சரியாக இருக்கும் என்று கைப்பேசியில் மணி வைத்துவிட்டுப் படுத்தேன்.

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கைப்பேசிக்குத் தெரிந்திருந்தது, நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அது தன் நேரத்தைத் தானே மாற்றிக்கொண்டுவிட்டது. வித்தியாசம் ஏழு மணி நேரமாகியிருந்தது. ஆறு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு நான் அழைத்தபோது அங்கே பகல் ஒரு மணி கடந்திருந்தது. கைப்பேசியை மேசைமேல் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து எனக்காகக் காத்திருந்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பசிக்கிறதே என்று சாப்பிட்டு முடித்திருந்தார்கள். “எல்லாரும் சாப்பிட்டாச்சுப்பா. நீ சாப்டியா?” என்று அம்மா கேட்டார். திரையின் ஓரத்தில் மடித்து வைத்த இலைகள் தெரிந்தன. அறையில் மற்ற இருவரும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சாப்பிட்டுவிட்டேன் என்றேன்.

அதன்பின் தீபாவளியைப் பார்த்த பிறகே விமானச் சீட்டைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, கண்காட்சி 23. பண்டிகை முடிந்த மறுநாள் இரவே, வயிற்றில் முறுக்கும் அதிரசமுமாக விமானம் ஏறினேன். இவ்வாண்டு தீபாவளி நவம்பர் 8. ஆகவே, போகாமல் இருப்பதற்கு நாள்காட்டியின் மேல் பழி போட முடியாது.

துணையும் குறைந்துவிட்டது. மூவராகப் போனவர்களில் ஒருவர் குடும்பத்துடன் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார். அண்ணனுக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சிறிய எழுத்துகள் தெளிவாகத் தெரியவில்லை. 2023-இல்தான் கடைசியாக வந்தார். “நீ போய்ட்டு வா தம்பி. ரூல் புக்ல எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியுது,” என்று சிரித்தபடி சொன்னார். தனியாகப் போவதில் வருத்தம் இல்லை என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். இரவில் அறைக்குத் திரும்பி, அன்று ஆடியதைப் பற்றிச் சண்டை போட ஆளில்லை. அது ஒரு குறைதான்.

இவ்வளவையும் ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், மறுபக்கத் தட்டில் என்னதான் இருக்கிறது? இதைத்தான் நான் பல வாரங்களாக யோசித்தேன். கிடைத்த விடை எனக்கே கொஞ்சம் சங்கடமானது.

எஸ்ஸனில் எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் வாக்கியம், “இங்கே இடம் காலியா?” என்பது. நான்கு நாற்காலி போட்ட மேசையில் மூவர் இருந்தால், நான்காவதில் கையை வைத்து அதைக் கேட்பேன், தலையை அசைப்பார்கள், உட்கார்ந்துவிடுவேன். டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடத்தைச் ‘சோப்’ செய்யும் ஊரிலிருந்து போனவனுக்கு இது முதலில் அதிசயமாக இருந்தது. நம் உணவங்காடி நிலையங்களிலும் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம், ஆனால் அவரவர் தட்டை அவரவர் பார்த்துக்கொண்டு எழுந்துவிடுவோம். அங்கே, உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் எதிரில் இருப்பவரின் கோதுமையை நான் கேட்கிறேன், அவர் தர மறுக்கிறார், இருவரும் சிரிக்கிறோம். விளையாட்டை விளக்குவதற்கென்றே ஒருவர் மேசை மேசையாக வருவார். பெரிய பதிப்பகங்களின் மேசைகளில் அவர் மாணவராக இருப்பார். சிறிய கடைகளில் விளையாட்டை உருவாக்கியவரே வந்து நிற்பார். சென்ற ஆண்டு மூன்றாவது நாள், கால் கடுக்க நடந்து, ஒரு மண்டபத்தின் மூலையில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கம் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். எதிரில் அவருடைய பேரனும் பேரனின் தோழியும். விளக்கியவரின் ஆங்கிலம் தடுமாறியதால், அவர் ஜெர்மனில் சொல்ல, அந்தப் பேரன் எனக்காக மொழிபெயர்த்தான். நான் இரண்டாவது சுற்றிலேயே தவறான இடத்தில் காயை வைத்தேன். அந்த அம்மையார் என் கையை மெல்ல விலக்கி, என் காயைத் தன் விரலால் எடுத்து, சரியான கட்டத்தில் வைத்துவிட்டு, தன் ஆட்டத்தைத் தொடர்ந்தார். எனக்கு ஏற்பட்ட நிம்மதி விநோதமானது. யாரோ ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்து எத்தனை நாள் ஆகிவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

சிங்கப்பூரில் நான் எப்போதும் சொல்லிக்கொடுப்பவன். சனிக்கிழமைதோறும் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலுள்ள வசிப்போர் குழு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். பெட்டி என்னுடையது, ஆகவே விதிப் புத்தகத்தை முன்கூட்டியே படித்து வருபவன் நான், காய்களைப் பிரித்து அடுக்குபவன் நான், யாருடைய முறை என்று நினைவூட்டுபவன் நான், கடைசியில் புள்ளிகளைக் கூட்டுபவனும் நானே. பத்து ஆண்டுகளில் எங்கள் மேசையில் தெரியாதவனாக நான் உட்கார்ந்ததே இல்லை. அந்த நான்கு நாள்களுக்காகத்தான் 4,100 வெள்ளி கொடுக்கிறேன் என்று எனக்குப் புரிந்தபோது, அது அதிக விலையா குறைந்த விலையா என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால், அந்த விளக்கமும் முழுக்க நியாயமானதல்ல என்று சென்ற மாதம் தெரிந்தது. எங்கள் குழுவுக்குப் புதிதாக வரும் பதினேழு வயதுப் பையன் ஒருவன், தொடக்கக் கல்லூரி மாணவன், தன் சேமிப்பில் வாங்கிய ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து, தானே விளக்கத் தொடங்கினான். நன்றாகத்தான் விளக்கினான். இரண்டு நிமிடம் போயிருக்கும். “முதலில் வெற்றி எப்படின்னு சொல்லிடு, அப்புறம் மத்தது,” என்றேன். சொன்னான். பிறகு, இந்த அட்டை வகை வேறொரு விளையாட்டில் இருப்பதைப் போன்றது என்று எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். பிறகு, அவன் கையிலிருந்த விதிப் புத்தகத்தை வாங்கி ஒரு பத்தியைப் படித்துக்காட்டினேன். பையன் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, “அங்கிள், நான் சொல்லட்டுமா?” என்று கேட்டான். குரலில் கோபம் இல்லை. அண்ணன் மேசையின் மறுமுனையில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்ஸனில் நான் அடக்கமாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் என் அடக்கமல்ல, எனக்கு ஜெர்மன் தெரியாததுதான் என்று அன்றிரவு மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது தோன்றியது.

அறையை ரத்து செய்யக் கடைசி நாள் செப்டம்பர் 15. முன்பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. விமானச் சீட்டு வாங்கவில்லை. இவ்வாண்டு போகாமல் இருந்து பார்க்கலாம் என்ற பக்கமே மனம் சாய்கிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டாலும் அண்ணனை ஒருமுறையாவது கூட்டிப்போய், விதிகளை உரக்கப் படித்துக்காட்ட முடியுமா என்ற யோசனையும் இருக்கிறது. கண்காட்சி தொடங்கும் வியாழக்கிழமை காலை பத்து மணி என்பது இங்கே மாலை நான்கு. அந்த நேரத்தில் எனக்குக் கை அரிக்கும் என்பது உறுதி.

இதற்கிடையில், வரும் சனிக்கிழமை அந்தப் பையன் இன்னொரு பெட்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். பெயரைக் குழுவில் முன்பே அறிவித்துவிட்டான். அதன் விதிப் புத்தகம் இணையத்தில் கிடைக்கிறது, வெறும் பன்னிரண்டு பக்கம்தான். செவ்வாய்க்கிழமை தரவிறக்கம் செய்துவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை, இன்னும் திறக்கவில்லை.